மீன் தொட்டி அலங்காரங்களுக்கு ஏற்ற ஒட்டுப்பசை

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் கற்களை ஒன்றோடொன்று ஒட்டிக் குகைகளும் குன்றுகளும் தாமே அமைப்பதுண்டு. அவ்வலங்காரம் நீரில் இறங்கிய சில நாட்களில் மீன்கள் மடிவதும் உண்டு. பசையிலிருந்தோ கல்லிலிருந்தோ நீரில் கரையும் பொருள்கள் இதற்குக் காரணமாகலாம். மீனின் செவுள்கள் மிக மெல்லியவை. பிராணவாயு உட்செல்லும் அதே வழியாக நீரில் கரைந்த விஷமும் இரத்தத்தில் சேர்கின்றது.

கோலார் தங்க வயலில் இதனை விளக்கும் ஆசிரியர், முதலில் ஓர் ஐயத்தைப் போக்க வேண்டியிருக்கும். அங்குத் தாதுவைப் பொடியாக்கிச் சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தெடுத்தனர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும், எஞ்சிய கழிவு மண் ‘சயனைடு மேடுகள்’ என்ற பெயருடன் நிற்கின்றது. எனவே, உடனடியாக ஒட்டும் பசையின் உறையில் ‘சயனோஅக்ரிலேட்’ என்று காண்போர் அஞ்சுவது இயல்பே.

ஆனால் இரண்டும் வேறு. சோடியம் சயனைடு நீரில் கரைந்து சயனைடு அயனிகளைத் தரும். உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தவொட்டாமல் அவை தடுக்கின்றன. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறைந்த அளவே நன்னீர் மீன்கள் பலவற்றைக் கொல்லும். சயனோஅக்ரிலேட்டிலோ கரியும் நைட்ரஜனும் சேர்ந்த தொகுதி மூலக்கூற்றுடன் உறுதியாகப் பிணைந்துள்ளது. காற்றின் ஈரம் பட்டதும் மூலக்கூறுகள் சங்கிலியாக இணைந்து கடினமான பிளாஸ்டிக்காகின்றன. சயனைடு அயனி பிரிந்து வருவதில்லை. சிறு கற்களை ஒட்ட இப்பசை ஏற்றது. எனினும் அதிர்ச்சியைத் தாங்காது. பெருங்கற்களுக்கு இதனை மட்டும் நம்பலாகாது.

உண்மையான எச்சரிக்கை மேட்டு மண்ணைப் பற்றியதாகும். அது மென்மையாகவும் தூய்மையாகவும் தோன்றினும், தொட்டியின் அடியில் பரப்பலாகாது. கோலார்த் தாதுவின் சில படிவுகளில் கந்தகக் கனிமங்களும் ஆர்செனிக் கொண்ட கனிமமும் உள்ளன. பித்தளை நிறப் புள்ளிகள் மின்னும் கற்களையும் இதே காரணம் பற்றி விலக்க வேண்டும். புள்ளியும் கறையும் இல்லாத வெண் படிகக்கல் நீரில் கரைவதில்லை, அதுவே தக்கது. வினிகர் துளி பட்டு நுரைக்கும் கல்லில் சுண்ணாம்பு உண்டு. அது நீரின் கடினத்தன்மையைக் கூட்டும்.

பெருங்கற்களுக்குச் சிலிகோன் பசை சிறந்தது. ‘நூறு சதவீதம் சிலிகோன்’ என்றும் மீன் தொட்டிக்கு உரியது என்றும் குறிக்கப்பட்டதையே வாங்க வேண்டும். குளியலறைக்கென விற்கும் வகைகளில் பூஞ்சணக்கொல்லி சேர்ந்திருக்கலாம். அது மீனுக்குத் தீங்கானது. சாதாரண வகை உறையும்போது அசெட்டிக் அமிலம் வெளிப்படுவதால் வினிகர் மணம் வீசும். அம்மணம் முற்றும் நீங்கும்வரை, ஏறத்தாழ ஒரு வாரம், உலர விட வேண்டும். தடித்த பூச்சிற்கு இன்னும் அதிக நாள் தேவை.

எபாக்சி, பிசினும் கடினமாக்கியும் ஆகிய இரு பகுதிகளாக வருகின்றது. குறித்த அளவில் கலக்காவிடில் கடினமாக்கி எஞ்சி நீரில் கசியும். மரவேலைக்குரிய வெண்பசை நீரில் இளகிவிடும். சூடாக்கி உருக்கும் பசைக்குச்சியின் பிடிப்பும் நீரில் நாளடைவில் தளரும். சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு நீரைக் காரமாக்கும். காரநீரில் மீன்கழிவின் அம்மோனியா மேலும் நச்சாகும். ஆகையால் சிமெண்ட் உருவங்களை, நீரை அடிக்கடி மாற்றிப் பல வாரங்கள் ஊறவைத்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

எப்பசையாயினும் கல்லைக் கழுவி நன்கு உலர்த்திய பின்பே ஒட்ட வேண்டும். காற்றோட்டமுள்ள இடத்தில், தோலில் படாமல் கையாள்வது அவசியம்.

வகுப்பறையில் பின்வரும் சோதனையைச் செய்யலாம். ஒரே அளவான இரு கண்ணாடி ஜாடிகளில் ஒரே நீரை நிரப்பி, ஒன்றில் மட்டும் உலர்ந்த அலங்காரத்தை இட்டு ஒரு வாரம் வைக்க வேண்டும். பின்னர் இரண்டின் மணம், மேற்பரப்பின் எண்ணெய்ப் படலம், அமிலகாரநிலை ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். வேறுபாடு தோன்றின் அவ்வலங்காரத்தைத் தொட்டியில் இடலாகாது. வேறுபாடு தோன்றாவிடினும் ஆர்செனிக் போன்ற விஷம் இல்லையென்று அது மெய்ப்பிப்பதாகாது. நிறமும் மணமுமின்றியே அது கரையக்கூடும். ஆதலால் கல்லின் பிறப்பிடம் அறிவது, பசையின் பெயரை அறிவதைக் காட்டிலும் முதன்மையானது.