படைவீரருக்கு வேலை, நிறுவனத்துக்குப் பெயர்

பிரிட்டனில் படைப்பணியை முடித்து வெளியேறுவோருக்கு வேலை தேடித் தரும் முயற்சி, தொடக்கத்திலிருந்தே விளம்பரத்தின் துணையோடுதான் வளர்ந்திருக்கிறது. கிரிமியப் போரிலிருந்து திரும்பி, காயங்களோடு பிழைப்புக்கு வழியின்றி நின்றவர்களுக்காக 1859-இல் லண்டனில் 'கமிஷனேர் படை' என்னும் அமைப்பை நிறுவிய கேப்டன் எட்வர்ட் வால்டர், 'தி டைம்ஸ்' நாளேட்டின் உரிமையாளர் குடும்பத்தில் பிறந்தவர். வாயிற்காவலராகவும் கடிதம் கொண்டுசெல்வோராகவும் பணியாற்றிய அந்த முன்னாள் வீரர்கள் அணிந்த சீருடையே அவர்களுக்கு நடமாடும் விளம்பரமாயிற்று.

முதல் உலகப் போருக்குப் பின் இதே உத்தியை அரசு கையில் எடுத்தது. 1919-இல் தொடங்கப்பட்ட 'அரசர் தேசியப் பதிவேடு' என்னும் திட்டத்தின்படி, தன் பணியாளர்களில் 5 விழுக்காட்டினரைப் போரில் உடலூனமுற்றவர்களிலிருந்து அமர்த்திக்கொள்ள முன்வரும் நிறுவனத்தின் பெயர் பதிவேட்டில் இடம்பெறும்; அதற்குரிய முத்திரையைத் தன் கடிதத்தாள்களில் அச்சிட்டுக்கொள்ளும் உரிமையும் அதற்குக் கிடைக்கும். சட்டத்தால் கட்டாயப்படுத்தாமல் புகழாசையைத் தூண்டி வேலை வாங்கிய இத்திட்டத்தால் பெருந்தொகையினர் பயனடைந்தனர் எனினும், புகழாசைக்கும் ஓர் எல்லை உண்டு. 1944-இல் இயற்றப்பட்ட ஊனமுற்றோர் வேலைவாய்ப்புச் சட்டம், 20 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கு 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கியதே அதற்குச் சான்று.

பழைய முத்திரையின் வாரிசு என்று சொல்லத்தக்கது, 2014-இல் தொடங்கிய பாதுகாப்புத்துறையின் 'வேலையளிப்போர் அங்கீகாரத் திட்டம்'. வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படிகளில் வழங்கப்படும் இவ்விருதின் உச்சப் படியை எட்ட விரும்பும் நிறுவனம், ரிசர்வ் படையில் பணியாற்றும் தன் ஊழியருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 10 நாள் கூடுதல் விடுப்புத் தருவதோடு, படையினருக்கு ஆதரவளிக்குமாறு தன் வாடிக்கையாளரிடமும் பொருள் வழங்குவோரிடமும் எடுத்துச் சொல்லவும் வேண்டும். செய்த நன்மையைப் பிறர் அறியச் செய்வதும் இங்கே தகுதிகளுள் ஒன்றாகிவிடுகிறது! ஆகவே விருது பெற்றதும் நிறுவனத்தின் மக்கள்தொடர்புப் பிரிவு செய்திக்குறிப்பு அனுப்புவதைத் தற்பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆயினும் எந்தச் செய்தி யாருக்குப் பயன்படுகிறது என்பதே கேள்வி. முன்னாள் படையினருக்கு உடலிலோ மனத்திலோ பாதிப்பு இருப்பது சாதாரணம் என்று பெரும்பாலான பொதுமக்கள் எண்ணுவதை, 2014-இல் ஆஷ்கிராஃப்ட் பிரபு அரசுக்கு அளித்த ஆய்வறிக்கை சுட்டிக்காட்டியது. நன்கொடை திரட்டுவதற்காகத் துன்பத்தையே முன்னிறுத்தும் படங்களும் கட்டுரைகளும் இந்த எண்ணத்தை வளர்க்கின்றன. அவை பணத்தைக் கொண்டுவரலாம், ஆனால் நேர்காணலுக்கு வருபவரை ஐயத்தோடு பார்க்கவும் வைக்கின்றன. இரக்கத்தைத் தூண்டும் செய்தி வேலைக்குக் குறுக்கே நிற்கிறது என்று சொன்னாலும் மிகையாகாது.

சான்றிதழை ஏந்தி இருவர் கைகுலுக்கும் படமும் 'பெருமை கொள்கிறோம்' என்ற வாசகமும் மட்டுமே கொண்ட குறிப்பை உள்ளூர் இதழின் ஆசிரியர் இரண்டு வரியில் முடித்துவிடுவார். மாறாக, போர்க்களத்தில் வானொலித் தொடர்பு அறுந்துபோகாமல் காத்த சிக்னல் படைப்பிரிவுத் தொழில்நுட்பர் ஒருவர் இன்று கைப்பேசிக் கோபுரங்களைப் பராமரிக்கிறார், இரண்டு வேலைகளுக்கும் பொதுவான திறன் இன்னது, புதிதாகக் கற்றது இன்னது என்று விளக்கும் கட்டுரை, அவருடைய இசைவோடு வெளிவருமானால், வேறு முதலாளிகளுக்கும் அது பாடமாக அமையும். 'சார்ஜென்ட்' என்ற பதவிப்பெயரை விண்ணப்பத்தில் காணும் மேலாளர் பலருக்கு, அவர் ஆட்களையும் வண்டிகளையும் கிடங்கையும் ஒருசேர நிர்வகித்திருக்கக்கூடும் என்பது தெரிவதில்லை. இத்தகைய கட்டுரையை ஜூன் இறுதியில் வரும் ஆயுதப்படை நாளிலும் நவம்பரின் நினைவு நாளிலும் அனுப்பினால் குவியும் குறிப்புகளுக்கிடையே அது காணாமற்போகும். வேறொரு வாரமே உகந்தது.

படைப்பணி முடித்தவரை அவருடைய முதல் சிவில் வேலையில் அமர்த்தும் நிறுவனம், குறிப்பிட்ட வரம்பு வரையிலான ஊதியத்துக்குத் தன் பங்காகச் செலுத்த வேண்டிய தேசியக் காப்பீட்டுத் தொகையிலிருந்து 12 மாதங்களுக்கு விலக்குப் பெறும் சலுகை, 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. செய்தியாளர் அந்த நிறுவனத்துக்குப் பதின்மூன்றாம் மாதத்தில் மீண்டும் சென்று, அவர் இன்னும் பணியில் இருக்கிறாரா என்று கேட்டெழுத வேண்டும்.