நமது அரசின் சின்னம்

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

நம் பாடநூல்களிலும் மதிப்பெண் சான்றிதழிலும் வட்டமான ஒரு சின்னம் இருக்கிறது. நாள்தோறும் பார்ப்பதாலேயே அதை நாம் உற்று நோக்குவதில்லை. அதுவே தமிழ்நாடு அரசின் சின்னம்.

மன்னர் காலத்திலேயே நம் நாட்டில் சின்னங்கள் இருந்தன. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, நம் பகுதியை ஆண்ட பாண்டியனுக்குக் கயல். ஐரோப்பாவில் 12-ஆம் நூற்றாண்டு முதல் போர்வீரர்கள் தங்கள் கேடயங்களில் சிங்கம், கழுகு, சிலுவை முதலியவற்றைத் தீட்டிக்கொண்டனர். பின்பு நகரங்களும் ஆயர்களும் சின்னம் வைத்துக்கொண்டனர். பாப்பரசரின் சின்னத்தில் உள்ள பொன், வெள்ளிச் சாவிகள், புனித இராயப்பரிடம் இயேசு அளித்த விண்ணரசின் திறவுகோல்களைக் குறிப்பவை.

நமது அரசின் சின்னத்தை 1949-இல் வரைந்தவர் மதுரை ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ். நடுவே கோபுரம், அதன் முன்னே அசோகரின் சிங்கங்கள், இருபுறமும் மூவர்ணக் கொடி. சாரநாத்துத் தூணில் சிங்கங்கள் நான்கு. படத்தில் மூன்றே தெரியும். நான்காவது பின்னால் மறைந்து நிற்கிறது.

அந்தக் கோபுரம் திருவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் 11 நிலைக் கோபுரம் என்பர் பலர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம் என்பாரும் உளர். இரண்டுமே நம் ஊருக்குத் தொலைவில் இல்லை.

எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான அரசுக்குக் கோயில் கோபுரம் சின்னமாகலாமா என்று கேட்கத் தோன்றும். நம் கரிசல் காடு மேடு பள்ளமின்றிப் பரந்து கிடப்பது. வெயிலில் நடந்து வருபவருக்குத் தூரத்துக் கோபுரம், "ஊர் வந்துவிட்டது" என்று சொல்லும். அவர் எந்தச் சமயத்தவர் என்று அது கேட்பதில்லை. நம் மாதா கோயில் கோபுரமும் அப்படித்தானே? அதை எழுப்பிய கொத்தர், சிற்பியரின் கைத்திறனும் தமிழர் அனைவருக்கும் பொதுச் சொத்தாகும்.

சின்னத்தின் விளிம்பில் முன்பு 'சத்யமேவ ஜயதே' என்றிருந்தது. அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அது 'வாய்மையே வெல்லும்' எனத் தமிழாயிற்று. சென்னை மாநிலம் 'தமிழ்நாடு' என்று பெயர் பெற்றதும் அவர் காலத்திலேதான் (14-1-1969).

வருமானச் சான்றிதழோ நிலப்பட்டாவோ, இச்சின்னத்தைக் கண்டுதான் மக்கள் நம்புகின்றனர். ஆனால் சின்னம் தானாக வாய்மையைக் காக்காது. கையெழுத்திடுபவரே காக்க வேண்டும். தோழியரே, நாளை நம்மில் சிலர் அந்த நாற்காலியில் அமரலாம். மேலே அரசின் சின்னம், கீழே நம் கையெழுத்து. இடையில் உள்ள ஒவ்வோர் எழுத்தும் மெய்யாக இருக்கட்டும்!