இந்தியாவில் சென்டர், அமெரிக்காவில் ஃபார்வர்டு: கீது அன்னா ஜோஸுக்கு உகந்த இடம் எது?

2011ஆம் ஆண்டு, அமெரிக்க மகளிர் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏ-வின் சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் அன்டோனியோ அணிகளின் தேர்வில் பங்கேற்ற இந்திய வீராங்கனை கீது அன்னா ஜோஸ், வாய்ப்பின்றித் திரும்பினார். திறமைக் குறைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அவர் ஆடி வளர்ந்த இடமே இங்கு ஆராயத்தக்கது.

இடுக்கியை ஒட்டிய கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்த கீது, சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் பயின்றவர். பின்னர் தெற்கு ரயில்வேக்காக ஆடியவர். உயரம் 6 அடி 2 அங்குலம். இந்திய ஆட்டக்களத்தில் இந்த உயரம் உடையவருக்குக் கூடையின் அடியில் நிற்கும் சென்டர் பொறுப்புதான். முதுகால் எதிராளியைத் தாங்கிப் பந்தை வாங்குவதும், ரீபவுண்டு எடுப்பதும் அவர் வேலை.

ஆனால் அன்றைய சிகாகோ அணியின் சென்டர் சில்வியா ஃபவுல்ஸின் உயரம் 6 அடி 6 அங்குலம். அவர் முன் கீது குள்ளம்! அங்கு 6 அடி 2 அங்குலம் என்பது ஃபார்வர்டின் உயரம். ஃபார்வர்டோ தொலைவிலிருந்து கூடையில் எறியவும், வெளியே ஓடும் எதிராளியைத் துரத்தவும் வேண்டும். பல ஆண்டுகள் கூடையடியில் நின்றவர் சில நாள் தேர்வில் இவற்றை நிறுவுவது அரிது.

பள்ளியிலேயே உயரமான மாணவியைக் கூடையடியில் நிறுத்திவிடுவது பயிற்சியாளருக்கு எளிது. அன்றைய போட்டியையும் வென்று தரும். இழப்பு பின்னர்தான் தெரியும்.