கவலைத் தோல் முதல் கேஸ்கட் வரை

சிங்காநல்லூரிலிருந்து திருச்சி சாலையில் கிழக்கே போனால் சூலூர். அதன் அருகில் கலங்கல் கிராமம். 1893-இல் அங்கே பிறந்த ஜி.டி.நாயுடு, இளம் வயதில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டியே எந்திரம் கற்றார். அதைக் கோவை பெருமையோடு சொல்கிறது, சொல்ல வேண்டியதுதான். அப்படிக் கற்ற கைகள் நம் தெருக்களிலும் உண்டு. அவற்றைப் பற்றி யார் சொல்வது?

பழைய பைக்கின் கிளட்ச் பக்க மூடியில் ஆயில் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள கேஸ்கட் கிழிந்திருக்கும். பழைய மாடலுக்கு அது கடையில் கிடைக்காவிட்டால், கைப்பழக்கம் உள்ள நம் இளைஞர்கள் வீட்டுத் திண்ணையிலேயே செய்துவிடுகிறார்கள்.

முதலில் ஆயிலை வடிக்க வேண்டும். கழற்றிய போல்ட்டுகளை அவை இருந்த வரிசைப்படியே ஓர் அட்டையில் குத்தி வைக்க வேண்டும். அவற்றின் நீளம் ஒன்றுபோல் இருக்காது. ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கட்டைக் கீறல் விழாமல் சுரண்டி, அதே கனத்தில் ஆயில் தாங்கும் கேஸ்கட் பேப்பர் வாங்க வேண்டும். பேப்பரை மூடியின் மேல் விரித்து, எதிரெதிரே இரண்டு ஓட்டை போட்டு போல்ட்டைச் செருகினால் நகராது. பிறகு சிறிய உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்போரம் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், மூடியின் வடிவத்திலேயே பேப்பர் வெட்டுப்படும். ஓங்கித் தட்டினால் அலுமினிய விளிம்பு நசுங்கிவிடும். ஆயில் போகும் துளை ஒன்றை அடைத்துவிட்டாலும் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். நெருப்பையும் அழுத்தத்தையும் தாங்கும் ஹெட் கேஸ்கட்டை மட்டும் இப்படிச் செய்யக்கூடாது. கடையில்தான் வாங்க வேண்டும்.

இந்தக் கைப்பழக்கம் நமக்குப் புதிதல்ல. கொங்குக் கிணறுகளில் மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில், சாலின் அடியில் தொங்கும் தோல்குழாயை வெட்டித் தைத்தவர்கள் அருந்ததியர். அளவு பார்த்து வெட்டி, குத்தூசியால் துளையிட்டு, நீர் ஒழுகாமல் தைத்தார்கள். அந்தத் தையல் விட்டால் வயலுக்குத் தண்ணீர் இல்லை. அன்றைய பொறியியல் அது. ஊரோ அதற்குக் களத்தில் கொஞ்சம் தானியத்தை அளந்துபோட்டு, தோலைத் தொட்ட கையைத் தீட்டு என்றது.

1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. 1937-இல் இங்கே மின்மோட்டார் தயாரானது. பம்புசெட்டு பரவப் பரவக் கவலை மறைந்தது. தோல் தைத்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் வார்ப்படப் பட்டறையில் மண் சுமந்தார்கள். லேத்துக்கு அருகில் நின்று வேலை கற்றார்கள். வேலை கைக்கு வந்தது. லேத்து சொந்தமாகவில்லை, சான்றிதழும் கிடைக்கவில்லை. அதனால்தான் இருபது ஆண்டு வேலை தெரிந்தவரும் இன்னும் ‘ஹெல்ப்பர்’.

இதை மாற்ற வழிகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு தேறியவர்கள் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர், மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவுகளில் சேரலாம். பட்டறையில் அனுபவம் பெற்றவர்கள் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். கல்வியிலும் அரசுப் பணியிலும் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு தரும் சட்டம் 2009-இல் வந்தது. உள்வகைப்படுத்தல் செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சொந்தப் பட்டறை வைக்க, பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கான அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டத்தில் 35 விழுக்காடு முதலீட்டு மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம்.

திண்ணையில் கேஸ்கட் வெட்டும் தம்பி யாரேனும் உங்கள் தெருவில் இருந்தால், ‘கெட்டிக்காரன்’ என்று தட்டிக்கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். ஐ.டி.ஐ. விண்ணப்பம் ஒன்றை வாங்கி அவன் கையில் கொடுங்கள். தங்கையாக இருந்தாலும் அப்படியே.