கோடியக்கரையில் மெல்ல நடப்போர்

மாரடைப்புக்குப் பின் வீடு திரும்பியவர்களின் குடும்பத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்வி, "டாக்டர், இனி இவரை வெளியூருக்கு அழைத்துச் செல்லலாமா?" என்பது. மறுபரிசோதனையில் இதயம் நன்கு இயங்குவது உறுதியான பின்னரும் அச்சம் பலரை நாற்காலியோடு கட்டிவைத்துவிடுகிறது. உடனிருந்து கவனிப்பவரும் அதே அறையில் அடைபட்டுப் போகிறார். இத்தகைய இருவருக்கு நான் கோடியக்கரையைப் பரிந்துரைப்பதுண்டு. பறவை காண்பதில் விரைந்து நடப்பவருக்கு ஆதாயம் ஏதுமில்லை. அவர் வரும் ஓசையிலேயே பறவைகள் எழுந்து பறந்துவிடும்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில், வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனையில் உள்ள இச்சரணாலயம் 1967இல் உருவாக்கப்பட்டது. 2002இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. புல்வெளியில் வெளிமான்கள் மேயும். ஆழமற்ற உவர்நீரில் பூநாரைகள் அலகைத் தலைகீழாக அமிழ்த்தி, நீரை வடிகட்டி இரை கொள்ளும். வருவோர் பெரும்பாலும் அவற்றையே தேடுவர். நானோ சேற்றோரத்தில் ஓடித்திரியும் கொசு உள்ளானுக்காகக் காத்திருப்பேன். எடை ஏறத்தாழ 25 கிராம். வட துருவத்தை ஒட்டிய சமவெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இவ்வளவு தொலைவு வருகிறது. நெடும்பயணத்துக்கு முன் இத்தகைய கரைப்பறவைகள் உடலில் கொழுப்பைச் சேர்த்து, வழியில் அதையே எரிபொருளாகச் செலவிடுகின்றன. (கொழுப்பைக் குறையுங்கள் என்று நாள்தோறும் ஓதும் இதய மருத்துவனுக்குச் சற்றுச் சங்கடமான செய்திதான்.)

நடக்க இயலாத பொழுது மர நிழலில் அமருங்கள். உலர்ந்த மணலில் புனல் வடிவக் குழிகள் தென்பட்டால், அடியில் குழியானை எறும்புக்காகப் பதுங்கியிருக்கும். கைநடுக்கம் உள்ளோர்க்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரைவிட எட்டு மடங்கே நல்லது. காட்சி குறைவாக ஆடும்.

புறப்படுமுன் உங்கள் மருத்துவரிடம் ஒப்புதல் பெறுங்கள். நீர் பிரிவதற்கான மாத்திரையைப் பயண வசதிக்காக நீங்களாகவே நிறுத்தாதீர்கள். நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள். குடிநீர் அளவு வரையறுக்கப்பட்டவர்கள் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவது நல்லது. நாவின் அடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்கு எழுதித் தரப்பட்டிருந்தால் அது சட்டைப் பையில் இருக்கட்டும், வண்டியில் அன்று. மார்பில் அழுத்தம் தோன்றினால் உடனே அமர்ந்து அதைப் பயன்படுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் தணியாவிடில் 108ஐ அழையுங்கள்.

பயணம் இயலாதவர்கள் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலையில் மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ வாருங்கள். தலைக்கு மேல் கூட்டமாக வட்டமிடும் மஞ்சள் நிறத் தட்டான்கள் ஐந்து சென்டிமீட்டர் நீளமே உள்ளவை. இவ்வினம் மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை செல்வதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.