குளிரில் நிதானிக்கும் இதயம்

பழனி மலைக்கு 690க்கும் மேற்பட்ட படிகள். வின்ச்சும் ரோப் காரும் இருந்தாலும், படியேறிக் கும்பிட்டால்தான் மனசு நிறையும் என்பவர்கள் ஏராளம். பங்குனி உத்திர வெயிலில் அப்படி ஏறும் ஒருவர் இதயம் நின்று சரிகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஷாக் கொடுத்ததில் துடிப்பு திரும்பிவிட்டது, நினைவு திரும்பவில்லை. கோவையிலோ மதுரையிலோ ஐ.சி.யூ.வில் சேர்த்து, மூளையைக் காக்க உடம்பை 33 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விக்கிறார்கள். சற்று நேரத்தில் மானிட்டர் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 45 என்று காட்டுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் அவர் மகனுக்கு அடிவயிறு கலங்கும்.

ரத்த அழுத்தம் தாங்குகிறவரை கலங்க வேண்டியதில்லை. இதயத்துக்குத் தாளம் போடும் செல்கள் குளிரில் மெதுவாகவே மின்தூண்டல் எழுப்பும். உடம்பின் ஆக்சிஜன் தேவையும் குறைந்திருப்பதால் அந்த வேகமே போதும். இப்படித் துடிப்பு 50க்குக் கீழே இறங்கியவர்களில் பிழைத்தவர்கள் அதிகம் என்று 2015இல் டென்மார்க் ஆய்வு ஒன்று சொன்னது. நரம்பு மண்டலம் இன்னும் ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளமாக அது இருக்கலாம்.

ஈ.சி.ஜி.யும் மாறும். அலைகளுக்கு இடையிலான நேரம் நீளும். சிலருக்கு உயர்ந்த முனை இறங்கும் இடத்தில் சின்னதாக ஒரு திமில் தெரியும். 1953இல் விவரித்தவரின் பெயரால் அது ஆஸ்பார்ன் அலை. வெப்பம் 28 டிகிரியை நெருங்கினால்தான் இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும் ஆபத்து.

சூடேற்றும்போதுதான் கவனம் வேண்டும். குளிரில் செல்லுக்குள் போன பொட்டாசியம் அப்போது ரத்தத்துக்குத் திரும்பும். அளவு மீறினால் தாளம் தடுமாறும். அதனால் மணிக்கு கால் முதல் அரை டிகிரிதான் ஏற்றுவார்கள்.

இத்தனை பாடுபட்டுக் குளிர்விப்பதில் பலன் உண்டா? 2002இல் ஐரோப்பாவிலும் மெல்போர்னிலும் நடந்த இரு ஆய்வுகள் உண்டு என்றன. உலகமே குளிர்விக்கத் தொடங்கியது. 2021இல் சுமார் 1,850 பேரை ஒப்பிட்ட ஆய்வு அந்த உற்சாகத்தில் தண்ணீர் தெளித்தது. 33 டிகிரிக்குக் குளிர்வித்தவர்களும், காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொண்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பிழைத்தார்கள். ரத்த ஓட்டத்தைக் குலைக்கும் தாளக்கோளாறு மட்டும் குளிர்வித்தவர்களில் 24 சதவீதம், மற்றவர்களில் 17.

நம் பக்கத்து அனுபவம் இன்னும் கசப்பு. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட 408 குழந்தைகளைச் சென்னை உள்பட இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் ஆராய்ந்தார்கள். மேலைநாடுகளில் உயிர் காத்த அதே குளிர்விப்பில் இங்கே 42 சதவீதக் குழந்தைகள் இறந்தன, குளிர்விக்காதவர்களில் 31. ஓரிடத்து வைத்தியத்தை அப்படியே இன்னோரிடத்தில் இறக்கிவைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்று பெரியவர்களுக்கு மருத்துவர்கள் முதலில் பார்ப்பது காய்ச்சல் 37.5ஐத் தாண்டாமல் இருப்பதைத்தான். அதற்கும் முந்தைய வேலை பக்கத்தில் நிற்பவருடையது. விழுந்தவர் அசையவில்லை, மூச்சும் சரியில்லை என்றால் 108ஐ அழையுங்கள். நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.