நிழலுக்கு அஞ்சும் மீன்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலே ஒரு வாளை மீன் வருகிறது. பாணன் நீண்ட மூங்கிற் கழியில் கட்டிய தூண்டிலின் இரையைக் கவ்விக்கொண்டு தப்பிய மீன் அது. பின்னர், நீரோரத்துப் பிரம்பின் நிழல் அசைந்தாலும் அது வெருளுகிறது. தூண்டிற்காரனின் திறமையோடு நின்றுவிடாமல், மீனின் அச்சத்தையும் புலவர் எட்டிப் பார்த்திருக்கிறார்.

அந்தப் பார்வையின் நுட்பத்தை நான் முழுமையாக உணர்ந்தது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில். மே மாதத்து நாளொன்றில், அங்கு வாழும் நண்பர் ஒருவருடன் அவரது பண்ணைக் குளத்தில் மீன் பிடிக்கச் சென்றிருந்தேன். காலை வெயில் முகத்தில் படுமாறு நிற்கச் சொன்னார். எங்கள் நிழல் நீரில் விழக்கூடாதாம்.

நாங்கள் கையாண்ட முறைக்கு ஆங்கிலத்தில் 'பிளை பிஷிங்' என்று பெயர். தமிழில் ஈத்தூண்டில் எனலாம். இதிலே மண்புழு இல்லை. இறகையும் மயிரையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சி போன்ற ஒன்றைச் செய்கிறார்கள். மசிடோனிய மக்கள் செந்நிறக் கம்பளி நூலையும் சேவல் இறகையும் முள்ளில் கட்டி மீன் பிடித்ததை, கி.பி. 200 அளவில் வாழ்ந்த ஈலியன் என்ற எழுத்தாளர் குறித்து வைத்துள்ளார். ஐசாக் வோல்டனின் 'தி கம்ப்ளீட் ஆங்கிளர்' 1653இல் வெளிவந்தது. 1676ஆம் ஆண்டுப் பதிப்பில் சார்ள்ஸ் கொட்டன் சேர்த்த பகுதி ஈத்தூண்டிலை விரிவாகப் பேசுகிறது. அது குளிர்ந்த ஓடைகளில் வாழும் ட்ரவுட் மீனைப் பற்றியது. ஆங்கிலேயர் நமது நுவரெலியா ஓடைகளில் கொண்டுவந்து விட்டதும் அந்த மீனைத்தான்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் நூலை இழுத்துச் செல்லும். ஈத்தூண்டிலில் பாரம் நூலிலேயே இருக்கிறது. தடித்த நூலைத் தலைக்குப் பின்னால் வீசி, அது முழுதாக நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னால் வீசவேண்டும். அந்தப் பொறுமை தவறினால் நூல் சுருண்டு காலடியில் விழும். சரியாக வீசினால், நுனியிலுள்ள மெல்லிய தங்கூசி நூலோடு பொய்ப்பூச்சி ஓசையின்றி நீரில் இறங்கும்.

வெப்ப நீர்க் குளங்களில் ட்ரவுட் வாழாது. அங்கே இரண்டு மீன்களே முக்கியமானவை. ஒன்று பெருவாய் பாஸ். மற்ற மீன்களை விழுங்கி வாழ்வது. மற்றது புளூகில், நமது திலாப்பியாவைப் போன்ற தட்டை உடலும், செவுள் மூடியின் ஓரத்தில் கரும்பொட்டும் கொண்டது. கோடை தொடங்கும்போது ஆண் புளூகில் வாலால் மண்ணைத் துடைத்துத் தட்டுப் போன்ற குழி அமைக்கும். பெண் அதில் முட்டையிட்டுச் சென்றபின் ஆணே காவல் நிற்கும். விரால் தன் குஞ்சுகளைக் காப்பதை அறிந்தவர்களுக்கு இது புதுமையன்று.

அந்தக் குழிகளின் மேல் எங்கள் பூச்சி விழுந்ததும் மீன்கள் பாய்ந்து கவ்வின. பசி மட்டுமன்று, காவலும் அவற்றைப் பாய வைக்கிறது. பிடிபட்டவை எல்லாம் உள்ளங்கை அளவே. நண்பர் ஒவ்வொன்றையும் அளந்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி, கூடையில் போட்டார். பத்து மணியளவில் பெரிய பாஸ் ஒன்று சிக்கியது. அவர் கையை நீரில் நனைத்துக்கொண்டு, முள்ளை மெல்லக் கழற்றி, அதை நீருக்குள் விட்டுவிட்டார்.

"குஞ்சு காக்கும் சிறியதைக் கூடைக்கு அனுப்புகிறீர்கள்; பெரியதை விடுகிறீர்கள். இது என்ன நீதி?" என்றேன்.

"அப்பா காலத்தில் இதற்கு மாறாகத்தான் செய்தோம். வந்தவர்கள் பெரியவற்றைக் கொண்டுபோனார்கள். சிறியவற்றுக்கு இரங்கி நீரில் விட்டார்கள். அந்த இரக்கத்தின் விளைவு இதோ" என்று கூடையைக் காட்டினார். கையளவான அந்த மீன்கள் குஞ்சுகள் அல்ல. வயது வந்தும் வளராதவை.

இதன் காரணத்தை அலபாமாவின் ஓபர்ன் நகரிலே ஹோமர் சுவிங்கிள் என்ற அறிஞர் 1930கள் முதல் ஆராய்ந்தார். மண்ணரிப்பைத் தடுக்கவும் கால்நடைகளுக்கு நீர் தேக்கவும் பண்ணைக் குளங்கள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்ட காலம் அது. பத்து புளூகிலுக்கு ஒரு பாஸ் என்ற அளவில் குஞ்சுகளை விடும் வழக்கம் அந்த ஆய்வுகளால் பரவியது. பாஸ் குறைந்தால் புளூகில் பெருகும். உணவு போதாமல் அனைத்தும் குறுகிப்போகும். அதோடு நில்லாமல் அவை பாஸின் முட்டைகளையும் தின்னும். பிறகு அந்தக் குளம் தானாகத் தேறுவது கடினம்.

நண்பகலில் நண்பர் தூண்டிலைச் சுருட்டினார். நீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும். களைத்த மீனை விட்டாலும் பிழைக்காது. விடுவதற்கும் ஒரு நேரம் உண்டு.

நேயர்கள் கேட்கலாம்: காவல் நிற்கும் உயிரைப் பிடிப்பதை எந்த நியாயத்தால் ஏற்பது? அந்த உறுத்தல் எனக்கும் தீரவில்லை. தீராமல் இருப்பதே நல்லதென்றும் தோன்றுகிறது. ஆனால் குளம் ஆறன்று. அது மனிதன் வெட்டியது. அதில் எந்த மீன் வாழவேண்டும் என்று முடிவு செய்தவனும் அவனே. குளங்களை நம்பி வாழ்ந்த நமக்குத் தெரியும்: வெட்டியதோடு வேலை முடிவதில்லை. அணைக்கட்டைப் பார்க்கவேண்டும், மதகைப் பார்க்கவேண்டும், தூர் வாரவேண்டும். மீனுக்கும் அந்தக் கணக்கு உண்டு.

உருத்திரங்கண்ணனார் ஒரு மீனின் அச்சத்தைக் கண்டார். நண்பரின் குறிப்பேடு ஒரு குளத்தின் பசியைக் காட்டியது. முன்னதை மறந்தவன் கொடியவனாகிறான். பின்னதை மறந்தவனின் இரக்கமோ குளத்தையே பட்டினி போடுகிறது.